நட்டவர் பங்கு

அந்தக் காட்டில் எத்தனை கல் நின்றது என்று கேட்டால் கிருபாசங்கரால் இன்றைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறையாவது அங்கே போய், ஏதாவதொரு கல்லில் முதுகைச் சாய்த்துப் புத்தகம் படித்தவன்தான். ஆனாலும் ஒருநாள்கூட எண்ணிப் பார்த்ததில்லை. இந்தக் கதையில் வேறு சிலவற்றையும் அவன் பிசகாக நினைவு வைத்திருக்கலாம். கூன் விழுந்த மாதிரி நின்ற கல் வட்டத்தின் கிழக்கே இருந்ததா, மேற்கே இருந்ததா என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வான். அதெல்லாம் போகட்டும். எண்ணாமல் விட்டதுதான் அவனை அரிக்கிறது. எண்ணி வைத்திருந்தால் இப்போது ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

தாராபுரத்துக்குத் தெற்கே, நெடுங்காட்டுப்புதூரைத் தாண்டினால் மேய்ச்சல் காடு. கண்ணுக்கெட்டிய தூரம் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், அடிவானத்தில் காற்றாலைகள். வேறொன்றும் இல்லை. ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து அந்தக் காட்டை மூன்று மாதம் ஒரே பக்கமாகச் சீவும். நடுவில் ஒரு மேடு. அந்த மேட்டில்தான் கற்கள் வட்டமாக நின்றன. ஆள் உயரத்துக்கு மேல், உளி படாத கற்கள். பாண்டியங்கல் என்று ஊரில் சொல்வார்கள். எந்தப் பாண்டியன், ஏன் நட்டான் என்று யாருக்கும் தெரியாது.

ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து கல்லூரிக்காரர்கள் சிலர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூவாயிரம் வருஷத்துப் புதைகாடு, ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் தாழியும் எலும்பும் இருக்கும் என்றார்கள். வட்டம் எதற்கு என்று கிருபாசங்கர் கேட்டான். "உள்ள இருக்கறது செத்தவங்களுக்குச் சொந்தம்னு வெளிய இருக்கறவங்களுக்குச் சொல்றதுக்கு" என்று அவர்களில் ஒரு பெண் சொன்னாள்.

காற்று அந்தக் கற்களின் இடுக்கில் நுழைந்து வெளியேறும்போது ஒரு முனகல் கேட்கும். வாயை மூடிக்கொண்டு பலர் சேர்ந்து முனகுவது போலிருக்கும். கிருபாசங்கருக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். யாரும் பேசாத இடத்தில், பேசச் சொல்லாத ஒரு கூட்டத்தோடு உட்கார்ந்திருப்பது அவன் சுபாவத்துக்கு ஒத்துப்போனது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பது வயதுக்குள் அவன் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு பொழுதுக்குக் காணாது என்று அவன் அம்மா தெய்வாத்தாள் சொல்வாள்.

போன வருஷம் ஆனிப் பாதியில் அவளுக்குக் கண்புரை எடுக்கக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போயிருந்தான். திரும்ப ஒரு வாரமாயிற்று. கார் தோட்டத்துக்குள் திரும்பும்போது மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு தெய்வாத்தாள் வெளியே பார்த்தாள்.

"ஏங் கண்ணு, நம்ம பொழி மேல ஆரு அத்தன பேரு நிக்கறாங்க?"

அவன் பார்த்தான். அவர்கள் தோட்டத்துக்கும் சித்தப்பா குமாரசாமியின் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வரப்பு அது. எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று இரண்டு வருஷமாகத் தகராறில் கிடக்கிற வரப்பு. அதற்கும் இந்தப் பக்கம், கிருபாசங்கரின் அப்பா வெட்டிய கிணற்றையும் தாண்டி, வரிசையாகக் கற்கள் நின்றன.

"கல்லுங்கம்மா."

"கல்லா?" தெய்வாத்தாள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒருத்தன் திரும்பிப் பாத்தாப்ல இருந்துச்சு. புதுக் கண்ணு. இன்னும் சரியாப் பழகுல."

* * *

அடுத்த நாள் ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வரப்பில் கூடியது. ஏற்கெனவே பேசி வைத்த நாள்தான். சர்வேயர் வந்து அளந்தபோது பட்டாவில் இருந்த அளவும் நிலத்தில் இருந்த அளவும் ஒட்டவில்லை. கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்துக்கும் இழுக்கும், பழைய எல்லை எதுவோ அதைப் பெரியவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். 

குமாரசாமிக்கு இந்தக் கிணறு வேண்டியிருந்தது. அவர் மகன் மனோஜ்குமாருக்குப் பெண் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் முதல் கேள்வி, தோட்டத்துக்குத் தண்ணி எப்படி என்பதுதான். அவருடைய கிணறு வற்றி நான்கு வருஷம் ஆகிறது. பெண் வீட்டார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விடுவார்கள்.

"சீமைக்கருவேல முள்ளு மூடிக் கெடந்துச்சுங்க" என்று குமாரசாமி எல்லோரையும் பார்த்துச் சொன்னார். நல்ல உயரம். வெள்ளை வேட்டி காற்றில் படபடத்தது. "சுத்தம் பண்ணுனா உள்ளுக்குள்ள இப்பிடி நிக்குது. எங்க பாட்டன் பாகம் வெச்சப்ப நட்ட கல்லு. பாத்தாத் தெரியலீங்களா எத்தன பழசுன்னு."

பழசுதான். அதை யாரும் மறுக்க முடியாது. சாம்பல் பூத்த பாசி கல்லோடு கல்லாக ஒட்டியிருந்தது. அடியில் முள்ளையும் கற்றாழையையும் வைத்து மண்ணை மிதித்துவிட்டிருந்தார்கள். புதுக் கல் நட்டிருந்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் வெளியூர் ஒரம்பரை, பாண்டியங்கல்லைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை. ஒரு பெரியவர் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, இது நம்ம காலத்துது இல்ல என்று தலையாட்டினார்.

கிருபாசங்கர் கூன் விழுந்த கல்லைப் பார்த்தான்.

அது அவனுக்குத் தெரிந்த முதுகு.

"சத்தியம் பண்றீங்களா குமாரசாமி?" என்று பெரியவர் கேட்டார்.

குமாரசாமி கல்லின் தலையில் கற்பூரம் ஏற்றினார். அந்தக் காற்றில் அது பற்றியதே அதிசயம். கையைக் கல்லில் வைத்தார். "இதை நட்டது எங்க பாட்டன். இந்தக் கல்லு எனக்குப் பாட்டன் மாதிரி. நாங்க ஒரே பங்காளிக. இந்தக் கல்லு நிக்கற எடம் வரைக்கும் எங்க பங்கு. பொய்யா இருந்தா கேக்கட்டும்."

கற்பூரம் அணையாமல் கடைசிவரை எரிந்தது. கிருபா, நீ என்னப்பா சொல்றே என்று பெரியவர் இவனைப் பார்த்தார். சொல்வதற்கு எல்லாம் இருந்தது. ஆனால் முதலில் காட்டுக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், தன் கண்ணே தப்பாக இருந்தால் பத்துப் பேர் முன்னால் அவமானமாகிவிடும் என்று நினைத்தான். அப்படி நினைத்து நின்ற நேரத்துக்குள் கூட்டம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தது.

"எங்கண்ணன் சம்மதம்னா வாயே தொறக்க மாட்டாருங்க. எல்லாருக்குந் தெரியுமே" என்றான் மனோஜ்குமார். சிலர் சிரித்தார்கள்.

* * *

சாயங்காலம் கிருபாசங்கர் காட்டுக்குப் போனான்.

வேலிப் படலைத் திறந்து உள்ளே போகும்போதே மேடு மொட்டையாகத் தெரிந்தது. பழகிய முகத்தைப் பல் இல்லாமல் பார்ப்பது போலிருந்தது. கிரேன் வந்து போன தடம் புல்லில் ஆழமாகப் பதிந்து கிடந்தது. கற்கள் நின்ற இடங்களில் குழிகள். வட்டமாகக் குழிகள், சிவப்பு மண் இன்னும் ஈரமாக. ஒன்றிரண்டில் உடைந்த தாழியின் விளிம்பு துருத்திக்கொண்டிருந்தது. வாசனை வந்தது. மழைக்குப் பிறகு வருகிற மண்வாசனை இல்லை. வெகுநாள் மூடி வைத்த பானையைத் திறந்தால் வருமே, சாம்பலும் புழுக்கமும் கலந்த நெடி, அது.

காற்று பலமாக அடித்தது.

கல் இல்லாத இடத்தில் முனகல் கேட்டது.

அவன் நின்றுவிட்டான். காற்றாலையின் சத்தமோ என்று திரும்பிப் பார்த்தான். சத்தம் குழிகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. எப்போதும் கேட்கிற அதே முனகல்தான். ஆனால் எப்போதும் அதில் ஒரு நிம்மதி இருக்கும். இன்றைக்கு வாயைத் திறக்கப் பார்த்துத் திறக்க முடியாதவர்களின் சத்தமாக இருந்தது.

பயப்பட்டு ஓடியிருக்க வேண்டும். அவன் ஓடவில்லை. பகல் முழுதும் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அந்தக் கிணறு வெட்டி வெட்டியே அப்பா சீக்காகி விழுந்தது, தென்னைக்கு இனித் தண்ணீர் இல்லை என்பது, பங்காளிகள் சிரித்தது, எல்லாம். அவன் ஒரு குழியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வாழ்நாளில் அவன் யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை.

"உங்க கல்லு எங்க போச்சுன்னு தேடறீங்களா? எங்க சித்தப்பன் தோட்டத்துல நிக்குது. நீங்கதான் அவரு பாட்டன்னு கற்பூரத்து மேல சத்தியம் பண்ணிப்போட்டாரு. பங்காளின்னு சொன்னாரு. பங்காளின்னா பங்கு உண்டுங்களே. போய்க் கேளுங்க. கேட்டு வாங்கிக்குங்க."

முனகல் நின்றது.

காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. புல் படுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தம் மட்டும் இல்லை. அந்த மேட்டில் முனகல் இல்லாத காற்றை அவன் அதுவரை கேட்டதில்லை.

திரும்பி நடக்கும்போது படலுக்குப் பக்கத்தில் மேய்ந்த செம்மறி ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கி ஒரே பக்கம் பார்த்து நின்றன. அவனைப் பார்க்கவில்லை. அவனோடு போகிற எதையோ பார்த்தன.

* * *

முதலில் வரிசை வளைந்தது.

கிருபாசங்கர் தன் தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் நின்றால் வரப்பு நேரே தெரியும். நூல் பிடித்து நட்ட கற்கள் ஒரு காலையில் வில்லாக வளைந்து நின்றன. அடுத்த காலையில் வரிசையில் ஒரு கல் குறைந்தது போலிருந்தது. குமாரசாமியின் வீட்டுக்குப் பின்னால், கட்டுத்தரை ஓரத்தில், முன்பு இல்லாத ஒன்று நின்றது. அதற்கடுத்த நாள் மாட்டைக் கட்டுத்தரையில் கட்ட முடியவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து இவன் தோட்டத்தில் நின்று நடுங்கியது.

மனோஜ்குமார் மாட்டைத் தேடி வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏனுங்கண்ணா, நேராப் பேச வாய் இல்ல, ராவுல வந்து கல்லை நகத்தறதுக்குத் தெம்பு இருக்குதுங்களோ?"

கிருபாசங்கர் மாட்டை அவிழ்த்துக் கொடுத்தான்.

"அத்தனை கனத்தைக் கிரேன் வெச்சே ஒருநாள் முழுக்கத் தூக்குனோம். அதாவது," மனோஜ்குமார் நாக்கைக் கடித்துக்கொண்டான். "முள்ளு வெட்டுனோம்னு சொல்ல வந்தேன்."

"அப்ப நான் ஒருத்தன் எப்பிடித் தூக்குவேன்?"

மனோஜ்குமார் அறுந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். அவன் முகத்தில் சட்டென்று வந்து மறைந்ததைக் கிருபாசங்கர் பார்த்தான். பயம். அதைப் பார்த்ததும் இவன் வயிற்றில் ஒரு குளிர்ச்சி பரவியது. வெகு நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அவன் வயிறாரச் சாப்பிட்டான். தெய்வாத்தாள் இன்னொரு கரண்டி போட்டுவிட்டு அவனையே பார்த்தாள்.

"என்னமோ வெச்சிருக்கறே மனசுக்குள்ள. பேசறதா இருந்தாப் பேசிப்போடு கண்ணு. அந்த ஊட்டுல அந்தப் புள்ளையும் இருக்குதல்லோ."

அந்தப் பிள்ளை என்றது பிரவீனாவை. மனோஜ்குமாரின் தங்கை. பெருந்துறையில் ஒரு கம்பெனியில் வேலை. ஆடி நோம்பிக்கு லீவு போட்டு வந்திருந்தாள். இந்தத் தகராறு தொடங்கிய பிறகும் கிருபாசங்கரோடு பேசுவதை நிறுத்தாதவள் அவள் ஒருத்திதான். அவனிடமிருந்து புத்தகம் வாங்கிப் போவாள். மூலையை மடிக்காமல் திருப்பித் தருவாள்.

அவள் ஒரு காலையில் தூக்குப்போசியோடு வந்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தான்.

"கச்சாயமுங்க. நானே சுட்டேன். தைரியமாச் சாப்புடலாம், அப்பா கை படலை."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் உட்காரவில்லை.

"அண்ணா, உங்க கிணத்துல இருந்து அப்பா மோட்டார் வெச்சு இழுக்கற தண்ணி சாம்பல் வாடை அடிக்குதுங்க. ஒலை வெச்சாச் சோறு கருப்பா இருக்குது. அப்பா மத்தியானமெல்லாம் வாசல்ல சேர் போட்டு உக்காந்துக்கறாரு. யாரோடயோ பேசறாரு. ஆருங்கப்பான்னு கேட்டா, ஒரம்பரை வந்திருக்குது, காப்பி வையிங்கறாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எத்தன டம்ளருன்னு கேட்டேன். வெளிய நிக்கறவங்களுக்கெல்லாம்னு சொல்றாரு."

கிருபாசங்கர் வெற்றிலையின் நரம்பைக் கிள்ளினான்.

"அந்தக் கல்லு எங்கிருந்து வந்துச்சுங்கண்ணா? இவங்க எங்கிட்ட பாட்டன் கதையே சொல்றாங்க. நீங்க காடு காடா நடக்கறவரு. உங்களுக்குத் தெரியாம இருக்காது."

கேட்டுவிட்டு நின்றாள். அவள் நெற்றியில் வியர்த்திருந்தது.

சொல்லியிருக்கலாம். திருப்பிக் கொண்டுபோய் அந்தந்தக் குழியில் நட்டுவிடச் சொல் என்று ஒரே வரி. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். இன்னும் ஒரு ராத்திரி அவர்கள் தூங்காமல் கிடக்கட்டும். சித்தப்பா தானாக எழுந்து வந்து, கிருபா, தப்புப் பண்ணிப்போட்டேன் என்று சொல்லட்டும். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு அப்புறம் சொன்னால் போகிறது. எத்தனையோ நாள் அவர்களுக்காக வாயை மூடினான். தனக்காக ஒருநாள் மூடினால் என்ன.

"நீங்க இப்பிடிப் பேசாம இருந்தாத்தாங்க எனக்கு எச்சாப் பயமா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பிரவீனா போனாள். தூக்குப்போசி கட்டிலின் கால்மாட்டிலேயே இருந்தது.

* * *

ஆடி நோம்பி அன்று, உச்சிப் பொழுதில், காற்று நின்றது.

குறைந்து குறைந்து நிற்கவில்லை. கதவைச் சாத்தினால் எப்படியோ அப்படி நின்றது. கிருபாசங்கர் தென்னைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் ஓலைகள் பாதி அசைவில் அப்படியே தொங்கின. தூரத்தில் காற்றாலைகளின் இறக்கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆடி மாதத்தில் அப்படி ஒரு அமைதியை அந்தப் பக்கத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு காக்கை இல்லை. ஒரு மோட்டார் ஓடவில்லை.

வரப்பைப் பார்த்தான்.

ஒரு கல்கூட இல்லை.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு நடந்தான். பிறகு ஓடினான். கல் நின்ற இடங்களில் குழியும் இல்லை, இழுத்த தடமும் இல்லை. கிணற்று மேட்டில் ஏறியதும் சித்தப்பாவின் வீடு தெரிந்தது. வீட்டைச் சுற்றிக் கற்கள் நின்றன. கட்டுத்தரையும், தண்ணீர்த் தொட்டியும், வாசல் கோலமும் எல்லாம் உள்ளே இருக்கும்படி, தோளோடு தோள் ஒட்டி. காட்டு மேட்டில் நின்றதைவிட உயரமாகத் தெரிந்தன. அவன் பக்கம் பார்த்த இடத்தில் மட்டும் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது.

முனகல் கேட்டது. காற்றே இல்லாமல்.

இடைவெளியில் போய் நின்றான். உள்ளே கால் வைக்கத் துணிவில்லை. சாம்பல் நெடி கண்ணைக் கரித்தது. நடுவாசலில் பிளாஸ்டிக் சேரில் குமாரசாமி உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, நெற்றியில் திருநீறு, ஒரம்பரையை உபசரிக்கும் முகம். எதிரே நின்ற கூன் கல்லோடு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"பிரிச்சுக்கலாமுங்க. அதுக்கென்ன. மேக்கால பாதி உங்களுக்கு, கெழக்கால பாதி எங்களுக்கு."

சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முழுசுமா வேணுமுங்களா?"

மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சரி என்பதுபோல் தலையை ஆட்டினார். ஆட்டிய தலை நிமிரவில்லை. கழுத்திலிருந்து கன்னத்துக்குச் சாம்பல் நிறம் ஏறியது. பாசி படர்கிற மாதிரி, அவசரமில்லாமல்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மனோஜ்குமார் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டு நின்றான். கடப்பாரை காலடியில் கிடந்தது. இரண்டு உள்ளங்கையும் கல்லில் பதிந்திருந்தன. தள்ளவில்லை, கையை எடுக்கப் பார்க்கிறான் என்று கிருபாசங்கருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது. கை எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மனோஜ்குமார் வாயைத் திறந்தான். வாய்க்குள்ளிருந்து வந்தது அந்த முனகல்.

கதவருகே பிரவீனா.

"அம்மணி" என்று கிருபாசங்கர் கூப்பிட்டான். சத்தமே வரவில்லை. மறுபடி கூப்பிட்டான். "அம்மணி, இக்கட்ட வெளிய வந்துரு. எதையும் தொடாம வந்துரு."

அவள் வந்தாள். அப்பாவைச் சுற்றிக்கொண்டு, அண்ணனைப் பார்க்காமல், கோலத்தை மிதித்துக்கொண்டு வந்தாள். கல்லெல்லாம் அவளோடு கூடவே திரும்புவது போலிருந்தது. இவன் கையை உள்ளே நீட்டினான். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அவள் நின்றாள். அவன் கையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை என்பதைப் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்கு மொதல்லயே தெரியுமுங்களாண்ணா?"

முனகல் நின்றது.

எல்லாக் கற்களும் கேட்டுக்கொண்டிருந்தன.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். அப்புறம் சொல்றேன் வா என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எந்த வார்த்தையாக இருந்தாலும் போதும் என்று அவனுக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்தது. எப்போதும்போல, முதலில் யோசித்துக்கொள்ளலாம் என்று, ஒரு மூச்சு நேரம் அவன் பேசாமல் நின்றான்.

நீட்டிய கை கல்லில் இடித்தது.

அங்கே இடைவெளி இல்லை. அவன் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த ஒரு கல், பாசி இல்லாமல், வெளுப்பாக நின்றது. கையை வைத்தான். சூடாக இருந்தது. வெயிலில் காய்ந்த கல்லின் சூடு இல்லை. நடந்து வந்த ஆளின் நெற்றியைத் தொட்டால் இருக்கிற சூடு. அவன் கை வைத்திருக்கும்போதே அது மெதுவாக ஆறியது.

அதன்பின் காற்று வந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் மண்ணை வாரி அடித்தது. கையால் முகத்தை மூடிக்கொண்டு கீழே உட்கார்ந்தான். காற்று தணிந்து பார்த்தபோது எதிரே சித்தப்பாவின் வீடு எப்போதும்போல நின்றது. கதவு திறந்திருந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சேர் காலியாக இருந்தது. ஒரு கல்லும் இல்லை.

* * *

போலீஸ் வந்தது. காரும் பைக்கும் கொட்டகையில் இருந்தன. மூன்று பேரின் செல்போன்களும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. கிருபாசங்கரைத் தாராபுரத்துக்குப் பல தடவை கூப்பிட்டுக் கேட்டார்கள். பாத்தி கட்டிக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொன்னான். பங்காளித் தகராறு, அதனால் இவன்மேல் சந்தேகம் இருந்தது. ஆனால் நிரூபிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லைக் கல்லைப் பற்றிக் கேட்டபோது, சத்தியத்துக்கு வந்திருந்த ஒரம்பரையில் பாதிப்பேர் அப்படி ஒரு கல்லே இருந்ததாக ஞாபகமில்லை என்றார்கள். மீதிப்பேர் இருந்தது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை என்றார்கள்.

அவன் காட்டுக்குப் போய்ப் பார்த்தான். பாண்டியங்கற்கள் மேட்டில் பழைய இடத்தில் நின்றன. கிரேன் வந்த தடத்தில் புல் முளைத்திருந்தது. வட்டம் முன்பைவிடப் பெரிதாக இருப்பது போல் தோன்றியது. பாசி பிடிக்காத மூன்று கற்கள் இருந்தன. ஒன்று உட்கார்ந்த மாதிரி, தலை கவிழ்ந்து. இன்னொன்று எதையோ தள்ளுவது போல முன்னால் சாய்ந்து. மூன்றாவது மெலிந்து, நேராக, அவன் வழக்கமாக உட்காருகிற பக்கத்தைப் பார்த்து. அவை முன்பே இருந்தவையாகவும் இருக்கலாம். அவன் எண்ணி வைக்கவில்லை.

குமாரசாமியும் மனோஜ்குமாரும் பிரவீனாவும் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பஞ்சாயத்தில் வைத்திருக்கிறார்கள். தெய்வாத்தாள் அன்னூரில் இருக்கிற தங்கச்சி வீட்டோடு போய்விட்டாள். மகனிடம் காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கிணறு கிருபாசங்கருக்கே திரும்பி வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த தென்னைகள் எல்லாம் பட்டுப்போயின. அவன் தோட்டத்தில் தனியாக இருக்கிறான். ஆனி ஆடியில், காற்று அடிக்கிற மாதங்களில், ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறான். முனகலில் இப்போது ஒரு மெல்லிய குரல் சேர்ந்திருக்கிறது. அது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது.

வட்டத்தில், மெலிந்த கல்லுக்குப் பக்கத்தில், ஒரு குழி மட்டும் இன்னும் கல் இல்லாமல் இருக்கிறது. அந்தக் காட்டில் மூன்று மாதம் மண்ணை வாரி அடிக்கிற காற்றில் எல்லாப் பள்ளமும் தூர்ந்துபோகும். அந்தக் குழி தூரவில்லை. யாரோ தினமும் கையால் அள்ளி வைத்தது போல, சுத்தமாக இருக்கிறது.